பூந்திக்கொட்டை விழுந்த குளம்

ஒரு காட்டுக் குளத்தின் நீர்மேல் நெடுங்காலி என்ற பூச்சி தன் குஞ்சுகளோடு குடியிருந்தாள். தண்ணீரில் மூழ்காமல் அதன்மேல் வழுக்கி வழுக்கி ஓடுகிற இனம் அவளுடையது. குஞ்சுகளுக்கு இறக்கை இல்லை. கரையிலோ கட்டெறும்புகள் எந்நேரமும் திரிந்தன. ஆகவே அவர்களுக்குத் தண்ணீரின் மேற்பரப்புதான் வீடு, தெரு, எல்லாம்.

குளத்துக்குள் கயலன் என்ற கெண்டை மீன் இருந்தான். குஞ்சுகள்மேல் அவனுக்கு வெகுநாளாக ஒரு கண். ஆனால் அவன் வாலை அசைத்தாலே நீர் நடுங்கும். அந்த நடுக்கம் நெடுங்காலியின் கால்களுக்குத் தெரிந்துவிடும். “ஓடுங்கள்!” என்பாள். கயலனின் வாயில் வெறும் தண்ணீர்தான் நிறையும்.

ஒருநாள் அவன் குரலைக் குழைத்துக்கொண்டு கேட்டான்.

“அக்கா, சின்னக் கல் விழுந்தாலும் முழுகிப்போகிறது. உங்களை மட்டும் இந்தத் தண்ணீர் எப்படித் தாங்குகிறது? ஏதாவது மந்திரமா?”

நெடுங்காலிக்குத் தன் வீட்டைப் பற்றிப் பேசுவதென்றால் கொள்ளை ஆசை. கேட்கிறவன் யார் என்று அவள் யோசிக்கவில்லை.

“மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை! தண்ணீரில் இருக்கிற ஒவ்வொரு பொடித்துகளும் தன்னைச் சுற்றியுள்ள துகள்களை இழுத்துப் பிடித்திருக்கிறது. மேலே இருப்பவற்றுக்குத் தலைக்குமேல் பிடிக்க ஆள் கிடையாது. அதனால் பக்கத்தில் உள்ளவற்றையும் கீழே உள்ளவற்றையும் இறுக்கிக்கொள்கின்றன. நீர்மேல் தோல் இழுத்துக் கட்டியதுபோல் ஆகிவிடுகிறது. எங்கள் எடைக்கு அந்தத் தோல் போதும்.”

“அடடா! அந்தப் பிடி விட்டுப்போனால்?”

“விட்டால் மூழ்கவேண்டியதுதான். ஆனால் ஏன் விடப்போகிறது?” என்று சிரித்துவிட்டு அவள் போய்விட்டாள்.

கயலனுக்கு ஒன்று நினைவு வந்தது. கரையில் பூந்திக்கொட்டை மரம் ஒன்று நின்றது; துணி வெளுக்க சோப்புபோல் நுரை தருகிற அதன் பழம் ஒன்று எப்போதோ நசுங்கிக் குளத்தின் ஓரத்தில் விழுந்தது. அங்கே கொஞ்சம் நுரை கட்டியது. அந்தப் பக்கம் ஓடிய பூச்சி பொசுக்கென்று அமிழ்ந்தது. அதை அவன் தூரத்திலிருந்து பார்த்திருந்தான்.

அவன் நேரே அந்த மரத்தடிக்கு நீந்தினான். மரத்தில் வரியன் என்ற அணில் இருந்தான்.

“வரியா! இத்தனை பழம் இருந்தும் ஒன்றைக்கூடத் தின்னாமல் இருக்கிறாயே?”

“வாயில் வைக்க முடியவில்லை அண்ணே. அப்படி ஒரு கசப்பு!”

“தோலைக் கடித்துக் கிழித்துத் தண்ணீரில் ஊறப்போடு. கசப்பெல்லாம் இறங்கிவிடும். உள்ளே இருக்கும் பருப்பு தேனாய் இனிக்கும்!”

“மரமே ஏறாமல் இவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறீர்களே!” என்று வியந்தான் வரியன். உடனே வேலையில் இறங்கினான். கடித்தான், கிழித்தான், போட்டான். பழங்கள் தொப் தொப்பென்று விழுந்தன.

குளத்தின் நடுவில் இருந்த நெடுங்காலிக்கு அந்தச் சத்தம் கேட்டது. என்னவென்று பார்க்க வந்தாள். ஒரு பழம் விழுந்ததில் தண்ணீர் தெறித்து, ஓரத்துச் சேம்பு இலைமேல் பட்டது. எப்போதும் அந்த இலையில் விழும் துளி முத்தாகத் திரண்டு நிற்கும், அசைந்தால் உருளும். இன்றைக்கு அது உருளவில்லை. தட்டையாகப் பரவி இலையை நனைத்துக்கொண்டு கிடந்தது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. தன்னோடு தன்னைச் சேர்த்துப் பிடிக்காத தண்ணீர் வேறு யாரைத் தாங்கும்?

“பிள்ளைகளா, பிடி தளர்கிறது! ஊற்று மூலைக்கு ஓடுங்கள்!”

குளத்தின் எதிர்மூலையில் பாறை இடுக்கிலிருந்து ஊற்றுநீர் ஓயாமல் வழிந்து வந்துகொண்டிருந்தது. அந்த ஓட்டத்தை எதிர்த்து நுரை ஏற முடியாது. குஞ்சுகள் அலறியடித்து ஓடின. கடைசிக் குஞ்சின் பின்னங்கால் மட்டும் தண்ணீருக்குள் இறங்கிவிட்டது.

“அம்மா, கால் வரமாட்டேன் என்கிறது!”

நெடுங்காலி திரும்பி ஓடினாள். அவளுடைய காலும் அமிழத் தொடங்கியது. குஞ்சை முன்னே தள்ளினாள், மறுபடியும் தள்ளினாள். கீழே கயலன் வாயைத் திறந்துகொண்டு மேலே வந்தான்.

வந்தவன் பாதியிலேயே நின்றான். செவுள் இரண்டும் நெருப்புப் பட்டதுபோல் எரிந்தன. மூச்சை இழுத்தால் பூந்திக்கொட்டைச் சாறுதான் உள்ளே போனது. பூச்சிகள் அந்த நீரின்மேல்தான் நின்றன. அவனோ அதைத்தான் மூச்சாக இழுத்துக்கொண்டிருந்தான்!

“வரியா, போடாதே! போடாதே!” என்று கத்தப் பார்த்தான். வாயிலிருந்து குமிழிதான் வந்தது.

நெடுங்காலி குஞ்சோடு ஊற்றுநீரில் ஏறினாள். அங்கே துகள்கள் ஒன்றையொன்று இறுகப் பிடித்திருந்தன. அவளுடைய கால்கள் மறுபடி மேலே நின்றன.

கயலன் மல்லாந்து மிதந்தான். கிளையில் இருந்த மீன்கொத்தி அதைப் பார்த்துவிட்டது.

“இன்றைக்கு முக்குளிக்கிற வேலைகூட இல்லை!” என்று சொல்லி, அவனைக் கொத்திக்கொண்டு பறந்தது.

பிறரைத் தாங்குகிற பிடியைக் குலைக்கத் துணிகிறவன், அதே நீரில்தான் தானும் மூச்சுவிடுகிறான் என்பதை மறந்து கெடுவான்.