பச்சைப் பெயிண்ட்டுக்குப் போக்கிடம்

காவிரிக்கரையில் மார்கழிக் கடைசியில் இறங்கும் பனி லேசுப்பட்டதல்ல. மடம், வேப்பமரம், எதிரே நிற்கிற ஆள், எல்லாம் பாதிக் கனவில் இருக்கும். தணிகாசலம் அந்தப் பனியில் மிதந்துகொண்டிருந்தார்.

அறுபதுக்கு மேல் சீடரானவர் அவர். குரு கோமளவல்லி அம்மாளுக்கோ அவருக்கு மகளாக இருக்கக்கூடிய வயதுதான். மனைவி தையல்நாயகியோடு வாய்ச்சண்டை முற்றி, "இனி நீ யாரோ, நான் யாரோ" என்று தெருவே கேட்கக் கத்திவிட்டுக் கிளம்பி வந்தவர். அதற்குத் துறவு என்று பெயரும் வைத்துக்கொண்டார்! வரப்போகும் போகியன்றே காவி வேண்டும் என்று அம்மாளை நச்சரித்துக்கொண்டே இருந்தார். அம்மாள் பிடிகொடுக்கவில்லை.

மடத்து ஜன்னல்களைச் சுரண்டும் வேலை அவருக்கு வந்தது. அந்தக் காலத்துப் பச்சைப் பெயிண்ட். ஈயம் கலந்தது. அம்மாள் சொன்னபடி மூக்கைக் கட்டிக்கொண்டு, தண்ணீர் தெளித்துத்தான் சுரண்டினார். அதுவரை குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

போகி விடிந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் மேளம் கொட்டினார்கள். தணிகாசலம் உளுத்த ஜன்னல் சட்டங்களை முற்றத்தில் அடுக்கி, சுரண்டிய செதில்களை மேலே கொட்டி, தீப்பெட்டியை எடுத்தார்.

"என்ன ஐயா செய்யறீங்க?"

"பழசைக் கொளுத்தறேன்மா. இதோட எல்லாம் தீர்ந்துது."

அம்மாள் உள்ளே போய்த் தணல் சட்டியை எடுத்து வந்தாள். அதில் ஒரு பிடி சாம்பிராணி போட்டாள்.

புகை எழுந்தது. பனியோடு கலந்து, அவசரமில்லாமல் மதிலேறி, தெருப்பக்கம் இறங்கியது. மேளச் சத்தம் சட்டென்று நின்றது.

"டேய், வாசனைடா!" என்றது ஒரு குழந்தைக் குரல்.

தணிகாசலத்தின் கை அப்படியே நின்றுவிட்டது.

"மரம்தான் எரியும் ஐயா. ஈயம் எரிஞ்சு அழியாது. புகையோட போகும். அந்தப் பிள்ளைங்க மூளையைக் கெடுக்கும்."

"ஐயையோ! அப்போ ஆத்துல விட்டுடவா?"

"கீழ்ப்படித்துறையில குளிக்கிறாங்க."

"தோட்டத்துல புதைச்சுடறேன்."

"அங்க கீரை போட்டிருக்கோம்."

"என்னம்மா இது, போக்கிடமே இல்லாத சனியனா இருக்கே!"

"இருக்கு. நகராட்சியில இந்த மாதிரி விஷக் கழிவைத் தனியா வாங்கிக்கிறாங்க. பொங்கல் லீவு முடிஞ்சு திறப்பாங்க."

"அதுவரைக்கும்?"

"நாமதான் வெச்சுக்கணும்."

தணிகாசலம் முணுமுணுத்தார். ஆனாலும் செதில்களை ஈரத்தோடு அள்ளி, கனமான பையில் போட்டு, அதன்மேல் இன்னொரு பை போட்டு இறுக்கிக் கட்டினார். தரையைத் துடைத்த துணியும் அதற்குள்ளேயே போனது. வெளியே 'ஈயப் பெயிண்ட்' என்று கொட்டை எழுத்தில் எழுதினார். சட்டங்களையும் தாளில் சுற்றினார். எல்லாவற்றையும் அறையில் வைத்துப் பூட்டினார். பொங்கல் முழுக்கச் சாவி அவர் இடுப்பில்தான் இருந்தது. பிள்ளைகள் அந்தப் பக்கம் வந்தால் விரட்டினார்.

லீவு முடிந்ததும் இருவரும் நகராட்சிக்குப் போய் ஒப்படைத்தார்கள்.

பஸ் ஸ்டாண்டுக்கு வரும்போது பொழுது சாய்ந்து, மறுபடி பனி இறங்கியிருந்தது. விளக்குகள் எங்கோ மிதந்தன.

"அப்பாடா!" என்றார் தணிகாசலம். "ஒரு பழசை விடறதுக்கு இவ்வளவு பாடாம்மா?"

"ஆமாம் ஐயா."

"இப்பவாவது காவி கொடுப்பீங்களா?"

அம்மாள் பனிக்குள் கை காட்டினாள். அவருடைய ஊர் பஸ் உறுமிக்கொண்டு நின்றது.

"அதுல ஏறுங்க. தையல்நாயகி அம்மாவைப் பார்த்துட்டு வாங்க."

தணிகாசலத்துக்கு முகம் சிவந்துவிட்டது. "அதெல்லாம் முடிஞ்சு போச்சும்மா. நான் எல்லாத்தையும் விட்டுட்டு வந்தவன்."

"விடல ஐயா," என்றாள் அம்மாள். "கொளுத்திட்டு வந்திருக்கீங்க."