உப்பாற்றங்கரைப் பலகை

உப்பாற்றங்கரையில் வைரம் இருக்கிறது என்று முதலில் சொன்னவர் பூவராகன். அவர் வாய்ச்சொல்லை நம்பித்தான் ஊர் வணிகர்கள் பங்கு போட்டுக் குழி வெட்டினார்கள். கோடை மேல் கோடை போயும் கிடைத்ததெல்லாம் கடுகளவு கற்கள்தான்.

பங்காளிகள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். இன்னும் ஆழமாக வெட்டு என்றது ஒரு கட்சி. மூடிவிட்டு வீட்டுக்குப் போங்கள் என்றது, பெரிய வணிகர் அனந்தப்பனின் கட்சி. இரு தரப்பும் அதே கடுகுக் கற்களைக் காட்டித்தான் பேசின. ஒருவர் அந்தக் குழியைச் சுரங்கம் என்றார், மற்றவர் சுடுகாடு என்றார்.

மறுநாள் கை தூக்கி முடிவு செய்வதாக ஏற்பாடு. குழியை மூடினால் அந்தக் கரையில் பூவராகன் பேச்சை இனி யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். அறுபது வயதுக்கு மேல் அந்த அவமானத்தைத் தாங்க முடியும் என்று அவருக்குத் தோன்றவில்லை. நேரே குருவிடம் போனார்.

குரு தீர்த்தகிரி கடலோரக் குப்பத்தில் பிறந்து துறவியானவர். பூவராகனின் கடைசி மகன் வயதுதான் இருக்கும். அவர் காலில் விழுவதற்குப் பூவராகன் ஒருநாளும் கூச்சப்பட்டதில்லை.

"சாமி, கல்லு இருக்குங்கிறவங்க சரியா, இல்லேங்கிறவங்க சரியா?"

"எப்படித் தேடுறீங்க?"

பூவராகன் விளக்கினார். சரிவாக வைத்த பலகையில் கொழுப்பைப் பூசி, குழியில் எடுத்த சரளையைத் தண்ணீரோடு அதன் மேல் ஓடவிடுவார்கள். மற்ற கற்கள் நனைந்து வழுக்கிப் போய்விடும். வைரத்தில் தண்ணீர் ஒட்டாது, அதனால் அது கொழுப்பில் பிடித்துக்கொண்டு நின்றுவிடும். பாட்டன் காலத்திலிருந்து வரும் முறை, தப்பவே தப்பாது என்றும் சொல்லி வைத்தார்.

"நாளைக்குக் காலையில வர்றேன்" என்றார் குரு.

வந்தவர் யாருக்கும் உபதேசம் செய்யவில்லை. அனந்தப்பன் இடுப்பு முடிச்சில் எப்போதும் வைத்திருக்கும் பட்டை தீட்டாத வைரத்தைக் கேட்டார். சாமியாருக்கும் வைர ஆசையா என்று நக்கலாகச் சிரித்துக்கொண்டே அனந்தப்பன் கொடுத்தார். குரு அதைக் குழியின் உப்புச் சேற்றில் புரட்டி வெயிலில் காயவைத்தார். காய்ந்ததும் மறுபடி புரட்டினார். பங்காளிகள் பொறுமையிழந்து முணுமுணுத்தார்கள். பூவராகனுக்கு மானம் போய்க்கொண்டிருந்தது.

உச்சிப்பொழுதில் குரு கல்லைப் பலகையில் விட்டார். அது கொழுப்பில் ஒட்டவில்லை. தண்ணீரோடு வழுக்கிக்கொண்டு கழிவு வாய்க்காலில் போய் விழுந்தது.

அனந்தப்பன் பட்டு வேட்டியோடு வாய்க்காலில் குதித்தார். முழங்கால் சேற்றில் துழாவிக் கல்லை எடுத்தார். கரையேறப் போனவர், பக்கத்தில் குவிந்து கிடந்த கழிவுச் சரளையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். குழியை மூடு என்று அதன் பிறகு அவர் சொல்லவேயில்லை.

"தோணிக்குப் பூசுற மீனெண்ணெய் கொண்டு வாங்க" என்றார் குரு. "உப்பேறின கட்டையில தண்ணி ஒட்டும். எண்ணெய் தேய்ச்சா விட்டுடும். கல்லுக்கு எப்படின்னு பாப்போம்."

எண்ணெய் தேய்த்த அனந்தப்பன் கல் பலகையில் கம்மென்று உட்கார்ந்தது. அடுத்த நொடி கூடையைத் தூக்கியவரும் அவர்தான். கழிவுச் சரளையை எண்ணெயில் பிசறிப் பிசறி ஓடவிட்டார்கள். முதலில் ஒன்றும் நிற்கவில்லை. பூவராகன் கண்ணை மூடிக்கொண்டார். யாரோ அவர் தோளைப் பிடித்து உலுக்கியபோது, பலகையில் புளியங்கொட்டை அளவில் ஒரு வைரம் ஒட்டியிருந்தது. அதற்குக் கீழே இன்னொன்று. பிறகு இன்னும் சில.

கை தூக்கி முடிவெடுப்பதை எல்லோரும் மறந்துபோனார்கள். மீன் நாற்றத்தோடு இரண்டு கட்சியும் கட்டிப் புரண்டன. அனந்தப்பன் பூவராகனை இடுப்போடு தூக்கிக்கொண்டு குழியைச் சுற்றி வந்தார். பூவராகன் வெட்கமில்லாமல் அழுதார். இப்படி ஒரு சந்தோஷம் அவர் வாழ்நாளில் வந்ததில்லை.

கீழே இறக்கிவிட்டதும் மூச்சு வாங்கக் குருவிடம் ஓடினார்.

"கழிவுல கல்லு இருக்குன்னு உங்களுக்கு எப்படிச் சாமி தெரிஞ்சுது?"

"தெரியாது" என்றார் குரு. "நீங்க எல்லாரும் பலகையை வச்சுக் கல்லைச் சோதிச்சீங்க. நான் கல்லை வச்சுப் பலகையைச் சோதிச்சேன்."