சுற்றி வந்த குரல்

“என் வேலையை அழிக்க நீங்க யாரு மேடம்?”

கேட்டவர் தணிகாசலம். வயது ஐம்பதை நெருங்குகிறது. காலமெல்லாம் பக்திப் பாட்டு கேசட்டுகளுக்கு ஒலிப்பதிவு செய்துவிட்டு, சினிமாவுக்கு ஒலி சேர்க்கும் வேலையைக் கற்றுக்கொள்ள ஜெசிந்தாவிடம் வந்து சேர்ந்திருந்தார். அவளுக்கு முப்பத்திரண்டு வயது. அந்த உறுத்தல் அவருக்கு முதல் நாளிலிருந்தே உண்டு. இன்று பொங்கிவிட்டது.

“அழிச்சது நான்தாண்ணே,” என்றாள் ஜெசிந்தா.

கம்ப்யூட்டரில் ஒரு சதுரம். அதுதான் தியேட்டர். அதற்குள் ஒரு பச்சைப் புள்ளி. அதுதான் குரல். புள்ளியை எந்தப் பக்கம் இழுக்கிறோமோ அந்தப் பக்கத்து ஸ்பீக்கரில் குரல் கேட்கும்.

சோறு தண்ணி மறந்து அந்தப் புள்ளியை இழுத்திருந்தார் தணிகாசலம். காணாமல் போன மகனைக் கேட்டு, போலீஸ் ஸ்டேஷன் வாசலில் ஒரு தாய் நிற்கிற காட்சி. அவள் குரலை இடப்பக்கம் கிளப்பி, பின்னால் கொண்டுபோய், வலப்பக்கம் இறக்கி, தலைக்கு மேலேயும் ஒரு சுற்று விட்டிருந்தார். காலையில் வந்து பார்த்தால் புள்ளி நட்டநடுவில் செத்த ஈ மாதிரி கிடக்கிறது. வயிறு எரியாமல் என்ன செய்யும்?

“அந்தம்மா வாசல்லயே நிக்கிறாங்க. குரல் மட்டும் ஏண்ணே ஊரைச் சுத்துது?”

“அவங்க மனசு சுத்துது மேடம். இது கூடவா உங்களுக்குப் புரியல? தியேட்டர்ல இத்தனை ஸ்பீக்கர் எதுக்கு, குருவி கூடு கட்டவா?”

கேட்ட கையோடு பட்டன்களைப் படபடவென்று தட்டி, தன் சுற்றுகளையெல்லாம் திரும்பக் கொண்டுவந்தார்.

“சாயங்காலம் டைரக்டர் இதைத்தான் கேக்கப் போறாரு. அவர் சொல்லட்டும்.”

“டைரக்டர் நேத்து உங்களைப் பத்திப் பேசினாருண்ணே.”

தணிகாசலத்தின் கை நின்றது. டைட்டிலில் தன் பெயர் வருமா என்று அவர் கேட்டு வைத்து வெகுநாளாகிறது. வீட்டில் மனைவிக்குப் பதில் சொல்லி மாளவில்லை.

“என்ன சொன்னாரு?”

ஜெசிந்தா எழுந்தாள். “டைட்டில்ல உங்க பேரைப் போடறதைப் பத்தி…” என்றபடி இடப்பக்கம் நடந்தாள்.

அவர் சுழல் நாற்காலியை அந்தப் பக்கம் திருப்பினார்.

“…தயாரிப்பாளர்கிட்ட கேட்டாராம்…” குரல் முதுகுக்குப் பின்னால் வந்தது. திரும்பினார். அவள் அங்கே இல்லை.

“…ஆனா அவர்…” இப்போது வலது காதோரம். நாற்காலி கிறீச்சிட்டது. ஆனாவுக்கு அப்புறம் வந்த வார்த்தைகள் நழுவிவிட்டன.

“ஆனா என்ன?”

அவள் மறுபடி பின்னால் போய்விட்டாள். நடந்துகொண்டே என்னவோ சொல்கிறாள். அவருக்குத் தலை சுற்றியதுதான் மிச்சம்.

நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

“விளையாடறீங்களா மேடம்? உசுரு போற விஷயம் எனக்கு. எதிர்ல வந்து நின்னு சொல்லுங்க!”

ஜெசிந்தா எதிரில் வந்து நின்றாள்.

அவளுக்குப் பின்னால் பெரிய திரையில், நிறுத்தி வைத்த காட்சியில், அந்தத் தாய் ஸ்டேஷன் வாசலில் வாய் திறந்தபடி நின்றிருந்தாள்.

தணிகாசலம் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சொல்லட்டுமாண்ணே?”

“என் பேரு கெடக்கட்டும் மேடம்.”

உட்கார்ந்து, மவுஸைக் கையில் எடுத்து, பச்சைப் புள்ளியை நடுவுக்கு இழுத்தார்.

“முதல்ல இந்தம்மா புள்ளையைக் கேட்டு முடிக்கட்டும்.”