ஒன்பதாயிரத்துச் சொச்சம்

"சாமி, ஒரு மோட்டார் சைக்கிள் எவ்வளவு தூரம் ஓடியிருக்குன்னு எப்படிக் கண்டுபிடிக்கது?"

"அதுலயே மீட்டர் இருக்குமே."

"மீட்டர் பொய் சொன்னா?"

சாமி யோசித்தார்.

"மீட்டருக்குப் பொய் சொல்லத் தெரியாதே, அண்ணாச்சி."

கேட்டவர் ஆவுடையப்பன். நாற்பத்தாறு வயது. சாமிக்கு முப்பதுகூட ஆகவில்லை. ஆனாலும் சீடன் ஆவுடையப்பன்தான். மலையடியில் இருக்கிற அந்தச் சின்ன மடத்துக்கு எட்டு வருசமாக வந்து போகிறார்.

சாமி பேசுவது கொஞ்சம். மிச்சத்தையும் சேர்த்து ஆவுடையப்பன் பேசிவிடுவார்.

அன்றைக்கு வந்தவர் உட்காரவே இல்லை. நின்றபடியே சொன்னார். நடந்தபடியே சொன்னார்.

பக்கத்து ஊர் மாட்டுத் தரகர் மந்திரமூர்த்தி கொட்டகையில் ஒரு வண்டி நிற்கிறதாம். எழுபத்தெட்டாம் வருசத்து வண்டி. கறுப்புப் பெயிண்ட், டேங்கில் தங்கக் கோடு. யாரோ ஒரு டாக்டர் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுத்து ஓட்டிவிட்டு, மற்ற நாளெல்லாம் துணி போட்டு மூடி வைத்திருந்தாராம். மீட்டரில் ஒன்பதாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது.

இப்போது கல்யாண ஜோடிகளைப் போட்டோ எடுக்கிறவர்கள் பழைய வண்டியை வாடகைக்குத் தேடி அலைகிறார்கள். அதுவும் அதிகம் ஓடாத வண்டி என்றால் விடவே மாட்டார்கள். இந்த வண்டி கையில் வந்தால் போதும், இனிமேல் வெயிலில் வாழைத்தார் சுமக்க வேண்டாம். இதையெல்லாம் சொல்லும்போதே ஆவுடையப்பனின் வலது கை இல்லாத ஆக்ஸிலேட்டரை முறுக்கிக்கொண்டிருந்தது.

தரகர் ரூபாய் கேட்கவில்லை. மாட்டுக்கு வண்டி, வண்டிக்கு மாடு என்று சொல்லிவிட்டார். ஆவுடையப்பன் வீட்டில் நிற்கிற கறவைப் பசு, ரெண்டு ஈத்துப் பசு, ரெண்டே கன்று போட்டதாம், அதைக் கொடுத்தால் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகலாம்.

வீட்டில் இருப்பது அந்த ஒரு மாடுதான். அதன் பாலில்தான் அடுப்பு எரிகிறது. ஆவுடையப்பன் பெண்டாட்டி பூரணம் ரெண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் பேசினாள்.

"சாமி கண்ணால பாத்து சரின்னு சொன்னா அவுத்துட்டுப் போங்க. இல்லேன்னா கயித்தைத் தொடாதீய."

அதற்காகத்தான் ஆவுடையப்பன் வந்திருந்தார்.

"எனக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதே," என்றார் சாமி.

"நீங்க ஓட்ட வேண்டாம். பாத்தா போதும்."

"சரி, பாக்கேன்."



மறுநாள் மத்தியானம் கிளம்பினார்கள். மாடும் கூட வந்தது. கயிற்றைச் சாமி பிடித்துக்கொண்டார்.

வழியெல்லாம் ஆவுடையப்பன் பேச்சுத்தான். நாலு நாளாகப் போய் வண்டியை அலசிவிட்டாராம். கால் வைக்கிற ரப்பர் தேயவில்லை. பிரேக் மிதி வழுக்கவில்லை. செயின் மாட்டுகிற பல் ஒன்றுகூடக் கூராகவில்லை. சாவி துவாரத்தில் ஆட்டம் இல்லை. மீட்டரைக் கழற்றினால் ஸ்குரூவில் கீறல் விழும், அதுவும் இல்லை. ஆர்.சி. புக்கிலும் டாக்டர் பேர்தான்.

"இதுக்கு மேல என்ன சாமி பாக்கணும்?"

"ரப்பர் எப்படி இருந்துச்சு?"

"புத்தம்புதுசு. கடையில இருந்து இப்பத்தான் எடுத்தாப்புல."

"வண்டிக்கு என்ன வயசு?"

"என் வயசுதான் சாமி. நாப்பத்தாறு."

சாமி ஆவுடையப்பனின் தேய்ந்த செருப்பைப் பார்த்தார்.

மாடு ரெண்டு இடத்தில் நின்றது. நின்ற இடத்தில் சாமியும் நின்றார். ஆவுடையப்பன் மட்டும் முன்னால் போய்ப் போய்த் திரும்பி வந்தார். அவருக்குக் கால் தரையில் நிற்கவில்லை.



தரகர் டீ வாங்கிக் கொடுத்தார். மாட்டைப் பார்த்து நல்ல மாடு என்றார். பிறகு வண்டி மேல் கிடந்த துணியை, பந்தியில் பாத்திரத்தை மூடிய இலையைத் திறந்து காட்டுகிறவர் போல மெதுவாக இழுத்தார்.

சாமி ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். மீட்டரைப் பார்க்கவில்லை. ரப்பரையும் பார்க்கவில்லை.

"ஓட்டிப் பாக்கலாமா?"

தாராளமாய்ப் பாருங்கள் என்றார் தரகர். பைபாஸ் பக்கம் போனால் வண்டி சும்மா பறக்கும். ஊருக்குள் மட்டும் வேண்டாம், குழாய் பதிக்கத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். சீக்கிரம் வந்துவிட வேண்டும், அஞ்சு மணிக்குக் கோயம்புத்தூரில் இருந்து ஒரு பார்ட்டி வருகிறது.

"மணி என்ன?"

"நாலு ஆகப் போவுது சாமி."

சாமி மாட்டைத் தூணில் கட்டினார். காவி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"ஊருக்குள்ள விடுங்க அண்ணாச்சி."

தரகர் மறுபடியும் குழாய், குழி என்று ஆரம்பித்தார். அதற்குள் ஆவுடையப்பன் கிக்கரை மிதித்துவிட்டார்.

ரெண்டாவது மிதியில் பிடித்துக்கொண்டது. ரெண்டு தட்டு, ஒரு இருமல். ரெண்டு தட்டு, ஒரு இருமல். அப்படி ஒரு சத்தம். ஆவுடையப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"வேகமாப் போகவா சாமி?"

"மெதுவா."

"ஹாரன் அடிக்கவா?"

"வேண்டாம்."

தெருவில் குழியும் இல்லை, குழாயும் இல்லை.

முதல் வீட்டுக் கதவு திறந்தது. ஒரு பொம்பளை வாசலுக்கு வந்து நின்றாள். கையில் தூக்குவாளி.

அடுத்த வீட்டில் இருந்து ஒருத்தி ஈரக் கையோடு வந்தாள். எதிர்வீட்டுத் தாத்தா கண்ணாடியை மாட்டிக்கொண்டே வந்தார். வண்டி போகப் போக, கதவு கதவாகத் திறந்தது.

ஆவுடையப்பன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். ஒரு கையை எடுத்து ஆட்டக்கூடச் செய்தார்.

"பாத்தீயளா சாமி. ஊரே வெளிய வந்து பாக்கு."

"பாக்கேன், பாக்கேன்."

தெருமுனையில் ஒரு பெண் நடுரோட்டுக்கே வந்துவிட்டாள். வண்டி நின்றது. அவள் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்தபடியே சொம்பை நீட்டினாள்.

"அரை லிட்டர் ஊத்துங்க. நாளையில இருந்து முக்கால் வேணும்."

ஒன்றும் விழவில்லை. அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"முத்தையா அண்ணன் இல்லையா?"

அதற்குள் பின்னால் நாலைந்து பேர் வந்துவிட்டார்கள். எல்லார் கையிலும் ஒரு ஏனம். பால்காரர் முத்தையா ரெண்டு மாசத்துக்கு முன்னால் மகன் வீட்டோடு இருக்கத் திருப்பூர் போய்விட்டாராம். பாக்கெட் பால் ஒருத்தருக்கும் பிடிக்கவில்லை. வண்டிச் சத்தம் கேட்டதும் அவர் திரும்பி வந்துவிட்டார் என்று நினைத்து ஓடி வந்திருக்கிறார்கள்.

இது அந்த வண்டியில்லை, டாக்டர் வண்டி என்றார் ஆவுடையப்பன்.

"முத்தையா டாக்டர்கிட்ட இருந்து வாங்குனதுதான், புக்குல பேரை மாத்தலை," என்றார் தாத்தா. டேங்கை விரலால் தட்டினார். "பெயிண்டு அடிச்சிருக்காவ. சத்தத்துக்கு என்ன பெயிண்டு அடிக்க முடியும்?"

"எத்தனை வருசம் ஓட்டுனாரு?" என்றார் சாமி.

"என் மக வயித்துல இருக்கும்போது பால் ஊத்த ஆரம்பிச்சாரு," என்றாள் சொம்புக்காரி. "அவளுக்கு இப்ப பத்தொம்பது. ஆத்துக்கு இந்தப் பக்கம் மூணு ஊரு, அந்தப் பக்கம் ரெண்டு ஊரு. காலையில ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை. மழைன்னாலும் நிக்க மாட்டாரு."

ஆவுடையப்பன் மீட்டரைப் பார்த்தார்.

ஒன்பதாயிரத்துச் சொச்சம்.



திரும்பும்போது வண்டியை உருட்டிக்கொண்டே வந்தார்கள். ஓட்டினால் மறுபடியும் கதவு திறக்கும்.

கொட்டகைக்குள் நுழைந்ததும் ஆவுடையப்பன் ஆரம்பித்தார். தரகரின் தொழிலைச் சொல்லித் திட்டினார். நாலு நாள் டீ வாங்கிக் கொடுத்ததைச் சொல்லித் திட்டினார். கோயம்புத்தூர்ப் பார்ட்டியையும் விட்டுவைக்கவில்லை. தரகர் மாட்டுக்குக் குச்சி சீவுகிறவர் போலத் தலையைக் குனிந்துகொண்டே இருந்தார்.

"ஓடின ஓட்டத்தை மறைக்க உமக்கு எப்படிவே மனசு வந்துது? பத்தொம்பது வருசம் ஊருக்கெல்லாம் பால் சுமந்த வண்டி. அது பட்ட பாட்டையெல்லாம் சுரண்டி எறிஞ்சுட்டு, நேத்துப் பிறந்தது மாதிரி நிறுத்தி வச்சிருக்கீரே. அதை நம்பி ஒரு குடும்பம் ஏமாந்து நிக்குமேன்னு ஒரு நிமிசம் தோணலையா?"

மூச்சு வாங்கினார். நியாயம் கேட்கச் சாமியைத் தேடினார்.

சாமி மாட்டுப் பக்கத்தில் நின்றிருந்தார். ஒரு கை வைக்கோலைக் கொடுத்து, நெற்றியைத் தடவினார். நெற்றியில் இருந்த கை மெல்லக் கொம்புக்குப் போனது.

பசு ஒவ்வொரு தடவை கன்று போடும்போதும் கொம்பில் ஒரு வளையம் விழும். மாடு வளர்க்கிற வீட்டில் சின்னப் பிள்ளைக்கும் அது தெரியும். வளையத்தை எண்ணினால் ஈத்து தெரிந்துவிடும்.

இந்தக் கொம்பின் அடியில் ரெண்டே ரெண்டு வளையம். அதற்கு மேலே நுனி வரைக்கும் வழவழவென்று இருந்தது. கண்ணாடிச் சில்லால் சுரண்டி, எண்ணெய் தேய்த்த வழவழப்பு.

சாமி விரலை முகர்ந்து பார்த்தார். தேங்காய் எண்ணெய்.

"அண்ணாச்சி."

ஆவுடையப்பன் திரும்பினார்.

"மாடு எத்தனை ஈத்து?"

தரகர் தலையைத் தூக்கினார்.

ஆவுடையப்பன் மாட்டைப் பார்த்தார். மாடு வைக்கோலைத் தின்றுகொண்டிருந்தது. அவர் வண்டியைப் பார்த்தார். ஓடி நின்ற இன்ஜின் இன்னும் சூடு ஆறவில்லை, உள்ளே டிக் டிக் என்று கேட்டது.

"ஏழு," என்றார்.

தரகர் எழுந்து வந்தார். மீட்டர் கண்ணாடியைத் துண்டால் துடைத்தார்.

"இது வேற வண்டி மீட்டர், ஸ்குரூவும் புதுசு. இந்த வண்டியோட சொந்த மீட்டர் நின்னு பத்து வருசம் ஆச்சு. எவ்வளவு ஓடியிருக்கும்னு முத்தையாவுக்கே தெரியாது."

சாமி தவிட்டுக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு, மாட்டுக்கும் வண்டிக்கும் நடுவில் உட்கார்ந்தார்.

"சரி," என்றார். "இப்ப ஏவாரத்தைப் பேசுங்க."