காகிதம் சுற்றிய செலரி

“தாயி, என் மகளைப் போக வேண்டாம்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லணுங்க.”

துளசிமணி வந்ததும் வராததுமாக இதைத்தான் சொன்னாள். கும்பிடக்கூட மறந்துபோனாள்.

நெல்லியம்மா நிமிர்ந்து பார்த்தாள். கோத்தகிரிக்கு மேலே, தேயிலைச் சரிவில் ஒரு தகரக் கொட்டகைதான் அவள் மடம். துளசிமணியைவிடப் பத்து வயதாவது இளையவள். ஆனாலும் அவள் ஒன்று சொல்லிவிட்டால் அந்த வட்டாரத்தில் மறுபேச்சு கிடையாது.

“மேகலாவா? எங்க போறா அக்கா?”

“வடக்கே பனிமலையிலயாமா. வானிலை பாக்கிற ஆபீசுல வேலை. குளிர்காலம் முச்சூடும் ரோடே இருக்காதாம். கண்ணுக்குள்ள வெச்சு வளத்த பிள்ளைங்க தாயி. மழைச் சாரல்கூட மேல பட விட்டதில்லை.”

“அவ என்ன சொல்றா?”

“எம் பேச்சு எடுபடலைங்க. தாயி வேண்டாம்னா போகலைங்கறா. நாளைக்குக் காலையில வண்டி.”

அது உண்மைதான். மேகலா அப்படித்தான் வாக்குக் கொடுத்திருந்தாள். இனி எல்லாம் நெல்லியம்மாவின் ஒரு சொல்லில் இருந்தது.

துளசிமணி கண்ணீரோடு, தன் தோட்டத்தில் விளைந்த செலரிக் கீரையில் ஒரு கட்டைப் பையிலிருந்து எடுத்து முன்னால் வைத்தாள். வெறுங்கையோடு போய் வரம் கேட்கிற ஆள் இல்லை அவள்.

நெல்லியம்மா ஒரு தண்டை ஒடித்துக் கடித்தாள். மென்றாள். இன்னொரு கடி கடித்தாள்.

“நானும் நாலு செலரிச் செடி வெச்சிருக்கேன். வாயில வைக்க முடியலை. உன்னுது மட்டும் எப்படி இப்படி வெள்ளையா, இனிப்பா வருது?”

துளசிமணிக்குக் கண்ணீர் அப்படியே நின்றுவிட்டது. பெருமை என்று வந்துவிட்டால் துக்கம் சற்று ஒதுங்கித்தானே நிற்கும்.

“பக்குவம் இருக்குங்க தாயி. முழங்கால் உசரம் வந்ததும் தண்டுகளையெல்லாம் சேத்துப் பிடிச்சு, காகிதத்தைச் சுத்திக் கட்டிரோணும். வெளிச்சமே படக்கூடாது. தலை மட்டும் வெளிய தெரியலாம்.”

நெல்லியம்மா எழுந்தாள்.

“வா. போய்ப் பாக்கலாம்.”

துளசிமணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. யார் வீட்டுப் படியும் மிதிக்காதவள் நெல்லியம்மா. எஸ்டேட் முதலாளி கார் அனுப்பியபோது, டிரைவருக்குக் கஞ்சி ஊற்றித் திருப்பி அனுப்பியவள். அவள் இப்போது வெறுங்காலோடு சரிவில் இறங்கி முன்னால் போய்க்கொண்டிருந்தாள்.

துளசிமணி பின்னால் ஓடினாள். வீடு கூட்டவில்லையே, பாத்திரமெல்லாம் போட்டது போட்டபடி கிடக்கிறதே என்று வேறு மனம் அடித்துக்கொண்டது.

வீட்டுக்குப் பின்னால் காய்கறிப் பாத்தி. செலரிகள் கழுத்துவரை பழுப்புக் காகிதம் சுற்றி, வாழைநார் கட்டி வரிசையாக நின்றன. பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிய, கம்பளிச் சட்டை போட்ட பிள்ளைகளைப் போலவே இருந்தன.

நெல்லியம்மா குனிந்தாள். முதல் செடியின் நாரை அறுத்தாள். காகிதத்தை டர்ரென்று கிழித்தாள்.

“தாயி!”

இரண்டாவதையும் கிழித்தாள்.

“ஐயோ, என்னங்க தாயி பண்றீங்க! இந்தப் பாத்திக்குக் கட்டி நாலு நாள்தாங்க ஆச்சு!”

துளசிமணி அலறிய அலறலில் பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். நெல்லியம்மா எதையும் காதில் வாங்கவில்லை. கிழித்துக்கொண்டே போனாள். கையைப் பிடித்துத் தடுப்பதா? குருவின் கையை எப்படிப் பிடிப்பது? துளசிமணி தலையில் கை வைத்துக்கொண்டு பாத்தி ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். எல்லாம் போயிற்று.

கடைசிச் செடியையும் அவிழ்த்துவிட்டு நெல்லியம்மா திரும்பினாள்.

“என்ன ஆயிரும் இப்ப?”

“வெயில் படுமுங்க!”

“பட்டா? செத்துப் போயிருமா?”

“சாவெல்லாம் சாகாதுங்க.”

“நோவு கண்டிருமா?”

“இல்லைங்க. இன்னும் நல்லா தளதளன்னு வளரும். பச்சைப் பசேல்னு நிக்கும். தண்டு கெட்டிப்படும்.”

“விட்டு வெச்சா பூக்குமா?”

“குளிர் தாண்டி விட்டு வெச்சா பூக்குங்க, வெதையும் வெக்கும். மூடினதை நாமதான் அதுக்குள்ள அறுத்துருவமே.”

“அப்பறம் எதுக்கு அக்கா கத்தறே?”

“கசக்குங்களே தாயி!”

“யாருக்கு? செடிக்கா?”

துளசிமணிக்குச் சிரிப்பே வந்துவிட்டது. இவ்வளவு பெரிய ஞானிக்கு இதுகூடவா தெரியாது?

“செடிக்கு என்னங்க கசக்குது? திங்கறவங்களுக்குத்தானுங்க கசக்கு—”

சிரிப்பு பாதியில் அறுந்தது.

நெல்லியம்மா அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

துளசிமணியின் கை தானாக வாய்க்குப் போயிற்று. தான் சொன்னது தன் காதிலேயே விழுந்து, அவள் விக்கித்துப்போனாள். மகள் இருந்த வீட்டுப் பக்கம் அவள் கண் திரும்பியது.

சத்தம் கேட்டு மேகலா பின்வாசலுக்கு ஓடிவந்தாள். கிழிந்த காகிதங்களைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். பிறகு நெல்லியம்மாவிடம் பயந்து பயந்து கேட்டாள்.

“தாயி, நான் போகட்டுங்களா, வேண்டாங்களா? நீங்க என்ன சொல்றீங்க?”

“நான் எதுக்குச் சொல்லணும்? உங்கம்மா சொல்லிட்டாங்க,” என்றாள் நெல்லியம்மா.