சடகோபனின் பெடல்

இசையமைப்பாளர் சடகோபனுக்குக் கர்வமென்றால் கர்வம், அப்படியொரு கர்வம். "தாளம் என் காலுக்குள்ள இருக்கு" என்பார். அவர் பெடலை மிதிக்க மிதிக்க, மிதிக்கு ஒரு சுரம் வாசிக்கும் சீக்வென்சர் பெட்டியைச் செய்து கொடுத்தவள், ஸ்டூடியோவில் வயர் பற்றவைக்கும் பிலோமினா. அவர் மிதித்தால் பெட்டி நொண்டியது.

"உன் டப்பா என் கிளாக்கை, என் கால் தர்ற தாளத் துடிப்பை, வாங்க மாட்டேங்குது. இன்னிக்குள்ள சரி பண்ணு. இல்லேன்னா மரியசூசை போன வழியில நீயும் போ!"

மரியசூசை டிரம்ஸ் வாசித்தவர். தாளம் தப்புகிறவன் என்று சடகோபன் துரத்திய பிறகு யாரும் வேலை தரவில்லை. போன மாதம் உயிரை மாய்த்துக்கொண்டார்.

பிலோமினா பெடலைத் தானே சீராக அழுத்திப் பார்த்தாள். பெட்டி சரியாகத்தான் ஓடியது. அதன் பின்னால் குனிந்து எதையோ செய்தாள்.

"மிதிங்க சார்."

மிதித்தார். சுரங்கள் அச்சுப் பிசகாமல் ஓடின.

"பாத்தியா, இப்பதான் என் காலுக்கு அடங்குது! கோளாறு எங்க இருந்துச்சு?"

அவள் நிமிர்ந்தாள். பெடலின் வயர் அவள் கையில் தொங்கியது.

"இதைப் பிடுங்கிட்டேன் சார். பெட்டி இப்ப தன்னோட சொந்தக் கிளாக்குல ஓடுது."

சடகோபனின் கால் நின்றது. சுரங்கள் நிற்கவில்லை. சுற்றி உட்கார்ந்திருந்த வாத்தியக்காரர்கள் ஒருவரும் அவரைப் பார்க்கவில்லை. டிரம்ஸுக்குப் பின்னால் காலியாகக் கிடந்த முக்காலியைப் பார்த்தார்கள்.