இரண்டு குடுவைகளில் தமனி எது?

காலை ஆறே முக்கால் மணி. குடுவைகள் இரண்டு. மரியபுஷ்பம் அவற்றை மாறி மாறிப் பார்த்தாள். தான் எழுதியிருந்த பெயர்கள் இரண்டிலும் இல்லை.

நஞ்சுக்கொடியின் தமனி, சிரை இரண்டின் உட்சுவர் செல்களையும் தனித்தனியே வளர்த்து, அவை எப்படி வேறுபடுகின்றன என்று காட்டுவது அவளது ஐந்தாண்டு ஆய்வு. முந்தைய ஐந்து கொடிகளின் செல்களும் பூஞ்சை பிடித்து வீணாயின. இது ஆறாவது. ஆய்வு தொடரலாம் என்று அன்று மாலை ஐந்துக்குள் வழிகாட்டி வசுமதி கையெழுத்திட வேண்டும்; இல்லாவிட்டால் அவளது ஆய்வுப் பதிவு போய்விடும்.

பார்த்ததை நோட்டில் எழுத வேண்டும், முடிவைக் குடுவையில் எழுத வேண்டும் என்பது வசுமதி வகுத்த முறை. முந்தின நாள், கிருமி அண்டக் கூடாதென்று மரியபுஷ்பம் குடுவைகளை ஸ்பிரிட்டால் அழுத்தித் துடைத்தாள். மை அழிந்தது. கீறியிருந்த எண்கள் மட்டும் மிஞ்சின.

இந்தக் கொடி கிடைத்த பிரசவம் முடிந்த கையோடு அவள் நோட்டில் எழுதியது இது: ‘ஒன்று: மேலாகக் குறுக்கே ஓடும் குழாய், கறுத்த ரத்தம். இரண்டு: அதற்கு அடியில் ஓடும் குழாய், நல்ல சிவப்பு ரத்தம்.’ இன்று நுண்ணோக்கியில் ஒன்றாம் குடுவையின் செல்கள் பல மூலைகளோடு தளக்கல் பதித்தாற்போல் தெரிந்தன. இரண்டாம் குடுவையின் செல்கள் நீண்டு, தலைச்சுழி போல வளைந்து கிடந்தன.

ஆபரேஷன் தியேட்டரில் இருபது வருடம் இருந்த உதவியாளர் சுடலைமுத்து வசுமதியிடம் இரண்டாம் குடுவையைக் காட்டினார். “சிவப்பு ரத்தம் தமனியிலதான் ஓடும். பத்தாங்கிளாஸ் பிள்ளைக்கே தெரியுமே, மேடம்.”

மேலே ஓடியதுதான் தமனி, ஆகவே ஒன்று என்றாள் மரியபுஷ்பம். இன்று கையெழுத்திட்டால், செல்களுக்குச் சாயமேற்றி மூன்று நாளில் நிரூபித்துவிடுவதாகச் சொன்னாள். “இதுவும் போச்சுன்னா எனக்கு வேற வழியே இல்ல, மேடம்.”

வசுமதி நிமிரவில்லை. “குடுவையில வளர்ந்தா தமனி, சிரை எல்லாம் ஒண்ணாயிடும். உன் ஞாபகத்தை நம்பி நான் கையெழுத்துப் போட முடியாதும்மா. ரெண்டையும் கொட்டிடு.”

இந்த மூவரில் யார் சொன்னது சரி?

மரியபுஷ்பம் சொன்னதுதான். சுடலைமுத்து பிறந்தவர்களின் உடம்பை வைத்துப் பேசினார். நஞ்சுக்கொடியில் கதை வேறு. குழந்தை பயன்படுத்திய கறுத்த ரத்தம் தமனி வழியே கொடிக்கு வருகிறது. அங்கே ஆக்சிஜன் ஏறிச் சிவந்து, சிரை வழியே குழந்தைக்குத் திரும்புகிறது. இரண்டும் குறுக்கிடும் இடத்தில் பெரும்பாலும் தமனியே மேலே கிடக்கும். வசுமதி நினைத்ததுபோல் செல்கள் குடுவைக்குள் தம் குணத்தை விட்டுவிடவும் இல்லை. தளக்கல் வடிவம் தமனிக்கு, சுழி வடிவம் சிரைக்கு.

குடுவைகள் பத்து மணிக்குள் காலியாயின. 2018 ஆகஸ்ட் 31 அன்று பல்கலைக்கழகம் மரியபுஷ்பத்தின் பதிவை ரத்து செய்தது.